மூன்றரைக் கட்டையில் ஒரு பாட்டு

எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டு வைகாசியில் பெய்த ஒரு கோடை மழையில் செத்துப்போனது. வாணியம்பாடி தாண்டி ஒரு கோயில் விழா. பந்தலில் இருந்த ஒரே ஓட்டை சரியாக அதற்கு மேலே இருந்தது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை என்று சொல்லி மூடிக் கொடுத்தார்.

அதை வாசித்துக்கொண்டிருந்தவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்பவள். ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிப்பாள். மதியத்துக்கு மேல் எங்களோடு. நான் பேஸ் கிதார். வேலூரில் ஒரு நாளிதழில் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்தும் வேலை பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் இந்த மேடைகளுக்கு வந்து பின்வரிசையில் நிற்பவன். பேஸ் கிதாரை யாரும் கவனிப்பதில்லை. அதனால் எல்லோரையும் பார்க்க வசதி.

குழுவை நடத்துபவர்தான் முக்கியப் பாடகரும். மைக்செட் கடை வைத்திருக்கிறார். கீபோர்டு போன அந்த வாரமே அவர் எங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலூரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் சொந்தமாகப் புதிய பெரிய கீபோர்டு வைத்திருக்கிறார், ஆடித் திருவிழாக்களுக்கு அவரைக் கூப்பிடலாம் என்பது திட்டம். அதற்கு முன், ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் திருப்பத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் இருந்தது. அதுவரை அவளுக்கு அவகாசம். கீபோர்டுக்கு ஒரு வழி செய்துகொண்டு அந்த மேடையைச் சமாளித்தால் இடம் அவளுடையது. இல்லையென்றால் வேலூர்க்காரர். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வாடகைக்கு விட்ட ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த சாஃப்ட்வேர் வெளிவந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் சிந்தசைசர். சின்னதாக ஒரு கீபோர்டை வயரில் இணைத்தால், கீயைத் தொட்டதும் கம்ப்யூட்டர் சத்தம் கொடுக்கும். அந்தச் சின்னக் கீபோர்டுக்குத் தனியாக ஒரு சத்தமும் கிடையாது. நம் ஊர் வாத்தியங்கள் நிறைய இருக்கின்றன, முதல் சில வாரங்களுக்கு இலவசம் என்று எங்கள் கிதார்க்காரன்தான் கண்டுபிடித்தான். புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே இறக்கிப் பார்க்கிறவன் அவன்.

மாவட்டத்து மேடைக் கலைஞர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அவன் அதில் லிங்க்கைப் போட்டதும் அன்று முழுக்க அதே பேச்சு. குடியாத்தத்து ரிதம் பேட் வாசிப்பவர் இது போனில் ஓடுமா என்று கேட்டார். ஆற்காட்டு கிளாரினெட்காரர் குரல் பதிவில், நாதஸ்வரம் என்ற பெயரில் இது வாசிப்பது நாதஸ்வரம் இல்லை என்றார். பிறகு மாலையில் இன்னொரு பதிவில், கிளாரினெட் மட்டும் மோசமில்லை என்றார். இனி நாலு பேர் செய்யும் வேலையை ஒருவன் செய்வான் என்று ஒருவர் எழுத, நாலு பேர் வர வேண்டிய வேனில் ஒருவன் வந்தால் பெட்டிகளை யார் தூக்குவது என்று இன்னொருவர் கேட்டார். யாரும் யாரையும் சம்மதிக்க வைக்கவில்லை. அவள் அந்தக் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. சர்ச்சில் பிள்ளைகள் பழக வைத்திருந்த சின்னக் கீபோர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக வந்துவிட்டாள்.

நாங்கள் ஒத்திகை பார்ப்பது கிதார்க்காரன் வீட்டுக் கடையின் மாடியில். கீழே ஷூவுக்கான சோல், பசை, லைனிங் வியாபாரம். மேலே சோலுக்கு உள்ளே வைக்கும் ஃபோம் ஷீட்டுகளைக் கூரைவரை அடுக்கியிருப்பார்கள். சத்தம் வெளியே போகாது. பசை வாசனையும்தான் வெளியே போகாது. கடையின் பில் போடும் லேப்டாப்பையே மேலே தூக்கி வந்து ஸ்டாண்டில் வைத்தான்.

பாடகர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மேடையில இத வெச்சிகினு உக்காந்தா, மொய் எழுதுற ஆளுன்னு நெனைச்சிப்பாங்கம்மா."

"எழுதட்டுமேண்ணா, ஸ்பீக்கர் வாடகை வந்துடும்," என்றாள் அவள்.

எங்கள் தபலா பாய் பேச்சில் சேராமல் உட்கார்ந்திருந்தார். பகலில் தோல் மண்டியில் தரகு, மாலையில் தபலா. அவள் ஷெனாய் சத்தத்தை எடுத்து ஒரு கல்யாணப் பாட்டின் முன்னிசையை வாசித்தாள். நன்றாக இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. பாய் கடைசிவரை கேட்டுவிட்டு, இவன் மூச்சே எடுக்க மாட்டேங்கிறானே என்றார். தன் சொந்தத்தில் ஷெனாய் வாசிக்கிறவர்கள் உண்டு, இத்தனை நீளத்துக்கு ஊதினால் கண் வெளியே வந்துவிடும் என்றார். அவள் மறுபடி வாசித்தபோது, ஊதுகிறவன் மூச்சு வாங்கும் இடங்களில் விரலைத் தூக்கினாள். பாய் தலையை ஆட்டினார், ஆனால் தபலாவை உறையிலிருந்து எடுக்கவில்லை. மெஷினோடு வாசிப்பதில் அவருக்கு எதிர்ப்பு இல்லை, நம்பிக்கையும் இல்லை.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது.

பாடுகிறவரின் சுருதியை நாங்கள் கட்டை என்போம். ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு என்று போகும். முழு எண்கள் வெள்ளைக் கீ, அரைகள் கறுப்புக் கீ. எங்கள் பக்கத்து மேடைகளில் கீபோர்டுக்காரர்கள் பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் ஒரு கட்டையிலேயே படித்து வைத்திருப்பார்கள். பாடகர் இரண்டரை என்றால் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவார்கள். விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் இரண்டரையில் வரும். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. அவளும் அப்படித்தான் வாசித்து வந்தாள்.

பழைய கீபோர்டில் அந்தப் பட்டன் டிரம் சத்தங்களைத் தொடாது. இங்கே கிதார்க்காரன் இடது ஓரத்துச் சில கீகளில் டிரம் சத்தங்களை ஏற்றியிருந்தான். பாடகர் இரண்டு கட்டை என்றார். அவள் டிரான்ஸ்போஸை மாற்றினாள். சுருதி சரியாகத்தான் ஏறியது. டிரம்மும் அதோடு சேர்ந்து நகர்ந்தது. தாளத்தின் முதல் அடி விழ வேண்டிய இடத்தில் கைதட்டலும், கைதட்ட வேண்டிய இடத்தில் சிம்பலும் விழுந்தன. அவள் இடது கை நிற்காமல் ஓடியதால் அது பல்லவி முழுக்க நடந்தது. பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம்.

பாய் முதல்முறையாகச் சிரித்தார். "தோஸ்த், இன்னா பேஜாருடா இது. இதுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஓடிடுவான்," என்று கிதார்க்காரனைப் பார்த்துச் சொன்னார்.

பாடகர் சிரிக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, ரிசப்ஷனில் இப்படி ஒருமுறை நடந்தால் போதும், ஆடிக்கு யார் என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை என்றார். அவள் ஸ்டாண்டைத் தானே மடக்கினாள்.

இரண்டு நாள் கழித்து கிதார்க்காரன் வழி கண்டுபிடித்துவிட்டான். டிரம்மைத் தனியாகப் பிரித்துவிட்டால் பட்டன் அதைத் தொடாதாம். ரொம்பச் சுலபம் என்று எங்களை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினான். சரியாக வேலை செய்தது. பாடகரின் முகம் தெளிந்தது. அவள் மட்டும், பட்டனே வேணாம், டிரான்ஸ்போஸை பூஜ்யத்தில் விட்டுவிடு என்றாள். எல்லாக் கட்டையிலும் விரலாலேயே வாசிக்கப் போகிறாளாம்.

இருக்கிற பட்டனை அமுக்க இன்னா கஷ்டம் என்று பாடகர் கேட்டார். அதுவும் முகூர்த்தத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு. எனக்கும் அது வீம்பாகத்தான் பட்டது.

"பழைய கீபோர்டு செத்தப்பதான் எனக்கு ஒரு கட்டைதான் தெரியும்னு தெரிஞ்சிதுண்ணா," என்றாள். "நாளைக்கு இதுவும் சாவும். இல்ல காசு கட்டுன்னும். அப்போ மறுபடி உங்க எதிருல அப்டி நிக்க மாட்டேன்."

பாடகர், உன் இஷ்டம், போனால் உன் சீட்டுதான் போகும் என்றார்.

லேப்டாப் கடையில் பில் போட வேண்டும் என்பதால் அவள் வீட்டுக்கு அந்தச் சின்னக் கீபோர்டு மட்டும்தான் போனது. சத்தம் இல்லாத கீபோர்டு. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவள் வீடு. வயர் ஒன்றைக் கொடுக்க ஒரு மாலை போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, வாயால் ஸ்வரத்தை முனகிக்கொண்டே கீகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். தவறான கீயைத் தொட்டால் அவளுக்கு மட்டும் தெரிந்தது. முகத்தைச் சுளித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலரைக் கட்டை முடிந்தது, ஐந்தரைதான் கைக்கு வரவில்லை என்றாள்.

அவள் அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "சத்தம் வந்தாக்கூட பரவால்ல சார். கம்பெனிலர்ந்து வந்ததும் டக்கு டக்குன்னு கோழி கொத்துற மாதிரி. ஒரு பாட்டாவது இன்னா பாட்டுன்னு தெரியுதா?"

காலையில் கம்பெனி பஸ் போகும்போது ஜன்னலோரம் அவளைப் பார்த்திருக்கிறேன். மடியில் இருந்த டிபன் பையின் மேல் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டுப் பெண் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அடுத்த ஒத்திகை சுமாராகத்தான் போனது. ஐந்தரையில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். பாடகர் மைக் வயரைச் சுருட்டினார். ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது, வேலூர்க்காரரிடம் ரிசப்ஷன் முடிந்ததும் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார். பாய் அன்று தபலாவை உறையிலிருந்து எடுத்திருந்தார். அதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

திருப்பத்தூர் மண்டபத்தில் கூட்டம் நிறைய. நாங்கள் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு பெரியவர் மேடையேறி லேப்டாப் முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்து அவளிடம் நீட்டினார். ஊர் பெயரையும் சொன்னார். "அந்தப் பக்கம் தாத்தா, சந்தனத் தட்டு பக்கத்துல," என்று அவள் கை காட்டினாள். பாடகர் மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் பாட்டுகள் பிசகில்லாமல் போயின. பாடகருடைய கட்டைகள் அவளுக்கு மனப்பாடம். ஷெனாய் வந்தபோது சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள், ஊதுகிறவர் எங்கே என்று.

எங்கள் பக்கத்து ரிசப்ஷன்களில் ஒரு வழக்கம் உண்டு. பாதி நிகழ்ச்சியில் வீட்டு ஆள் ஒருவர் மேடைக்கு வந்து ஒரு பாட்டுப் பாடுவார். முடியாது என்று சொல்ல முடியாது. இங்கே வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். ஜரிகை வேட்டி, கழுத்தில் மாலையின் மிச்சம். மைக்கை வாங்கியதும், எல்லாரும் கேட்கும்படி அவளிடம் சொன்னார்:

"எனக்கு மூணரைக் கட்டைம்மா."

மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கீயே கிடையாது. மூன்றரை என்று ஒரு கட்டை இல்லை. கிதார்க்காரன் என்னைப் பார்த்தான். பாய் தபலாவின் மேல் குனிந்துகொண்டார். பாடகர் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க பாடுங்க மாமா," என்றாள் அவள். "நான் வர்றேன்."

அவர் உடனே ஆரம்பித்துவிட்டார். நான்கு கட்டைக்குக் கிட்டத்தில் இருந்தது. பல்லவியின் முதல் வரி முடிவதற்குள் அவள் நான்கில் போய்ச் சேர்ந்தாள். அவரும் அவள் வாசிப்பைப் பிடித்துக்கொண்டு நேரானார். நான் பின்னால் ஒட்டிக்கொண்டேன். பல்லவி நன்றாகவே போனது. சரணத்தில் உற்சாகம் வந்து, குடும்பத்தார் கைதட்ட, அவர் மேலே ஏறிவிட்டார். நாலரை.

பட்டனை நம்பியிருந்தால் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் தேட வேண்டியிருந்திருக்கும். வலது கை புதிய கட்டையைத் தேட, அவள் இடது கையை மட்டும் எடுத்தாள். டிரம் நின்றது. நின்ற இடத்தைப் பாய் தபலாவால் நிரப்பினார், கேட்காமலே. ஒரு வரி முழுக்க அவள் வாசித்தது பாட்டோடு ஒட்டவில்லை, அது முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கூடத் தெரிந்திருக்கும். இரண்டாவது வரியில் வலது கை நாலரையில் வந்து உட்கார்ந்தது. மூன்றாவது வரியில் இடது கை திரும்பி வந்தது. பல்லவிக்குத் திரும்பும்போது மாமன் மறுபடி நான்குக்கு இறங்கினார். அவளும் இறங்கினாள். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. முடித்ததும் விசில் பறந்தது. மாலையின் மிச்சத்தைக் கழற்றி லேப்டாப்பின் மேல் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பாடகர் மைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டை அறிவித்தார். வழக்கமாக அவள் பக்கம் திரும்பிக் கட்டையைச் சொல்வார். அன்று சொல்லவில்லை. நேராகப் பாட ஆரம்பித்தார்.

பெட்டிகளை வேனில் ஏற்றி முடித்ததும் பாடகர் முன்சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தார். அவள் அவருக்கு நேர் பின்னால், ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த பையின் மேல் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன. அவர் வேலூர்க்காரரிடம் சௌக்கியம் விசாரித்தார். பிறகு சொன்னார்:

"இல்லண்ணே, ஆடிக்கு வேணாம். கீபோர்டுக்கு நம்மகிட்ட ஆள் இருக்குது."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் கிளம்பியது. ஊர் எல்லையும் தாண்டியது. பிறகு அவள் கிதார்க்காரனின் முதுகைத் தட்டினாள்.

"நாளையிலர்ந்து சாயங்காலம் அந்த லேப்டாப் எங்க வீட்டுக்கு வரணும்."

"கடை பில்லெல்லாம் அதுலதான் இருக்குது."

"பில்ல கையில எழுது."

அவன் பாயைப் பார்த்தான். பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முன்சீட்டிலிருந்து பாடகர், எடுத்துக் குடுடா, ஆடிக்குக் காவேரிப்பாக்கம் திருவிழாவுல ஊர்க்காரங்க வேற மேடையேறிப் பாடுவாங்க என்றார்.

இலவச நாட்கள் தீர்ந்ததும் அந்த சாஃப்ட்வேருக்குப் பாடகரே காசு கட்டினார். வாட்ஸ்அப் குழுவில் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அவள் வீட்டுப் பக்கம் போனால் மாலையில் ஷெனாய் கேட்கிறது, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. கோழி கொத்துவதே பரவாயில்லை என்று அவள் அம்மா இப்போது சொல்கிறார். மேடையில் எனக்கு லேப்டாப் திரை தெரியும் இடத்தில்தான் நிற்கிறேன். டிரான்ஸ்போஸ் என்று எழுதிய சின்னக் கட்டத்தில் இன்றும் பூஜ்யம்தான் இருக்கிறது.