மூன்று பாட்டில் புளிச்சகீரை

வளைகுடா நாட்டில், அப்பாசியாவில், எங்கள் பால்கனித் தோட்டம் என்பது மீன் வந்த தெர்மோகோல் பெட்டிகள் நான்கு. குளிர் தொடங்கியதும் அவற்றில் புளிச்சகீரை விதைத்துவிடுவேன். கோயமுத்தூர்க்காரிக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் பொழுது போகாது. ஆனால் இங்கே கோடையில் செடி கருகிவிடும். அதனால் இலையைக் காயவைத்து எடுத்துவைப்பேன்.

வெயிலில் போட்டால் ஒரே நாளில் தூளாகிவிடும். முதல் வருஷம் அனுபவப்பட்டேன். பிறகு செடியைத் தண்டோடு அறுத்து, ஸ்டோர் ரூம் இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். அப்புறம் இலையை உருவிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்துவைக்க வேண்டும். மறந்தால் பூசணம் பிடிக்கும். இதற்குக் கைக்குழந்தையை வளர்த்துவிடலாம்.

அப்படி மூன்று பாட்டில் சேர்ந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து முகம் வெளிறி வந்தார். யாரோ கஞ்சா இலைப் படத்தை அனுப்பி, வீட்டில் வைத்திருந்தால் ஜெயில் என்று எச்சரித்திருந்தார்கள். போனை நீட்டினார். விரல் விரித்த இலை, அச்சு அசல் நம் புளிச்சகீரை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கஞ்சாவையும் இப்படித்தான் பதப்படுத்துவார்களாம்; இருட்டு அறை, தலைகீழ், பாட்டில் என்று விரல் விட்டு எண்ணினார். வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் போய்விடும் என்றார். வாயில் போட்டால் புளிக்குமே என்றேன்.

"போலீஸ்காரன் கடைஞ்சு சாப்பிட்டுப் பாத்துட்டா புடிப்பான்?" என்று கேட்டார்.

நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று பாட்டிலையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். காய்ந்த இலை ஊறி உப்பிக்கொண்டது. தண்ணீர் கீழே போகாமல் மேலே வந்தது. வேறு வழியில்லாமல் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரிஸை நானே கூப்பிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஹாரிஸ் எகிப்துக்காரர். கம்பியை விட்டு ஒரு கத்தை இலையை இழுத்துப் போட்டார். மூலையில் கிடந்த சிவப்புத் தண்டு ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"கர்கதே," என்றார் ஹாரிஸ்.

அவர்கள் ஊரில் இந்தச் செடியின் பூவைக் காயவைத்து, சிவப்பாக ஒரு பானம் போடுவார்களாம். அரைகுறை ஹிந்தியில் எங்களைத் திட்டத் தொடங்கினார். பூவை விட்டுவிட்டு யாராவது இலையைத் தின்பார்களா, அதையும் கக்கூஸில் போடுவார்களா என்று கேட்டார்.

அவர் போனதும் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. "நாந்தான் அப்பவே நெனச்சேன், இது வெறும் கீரைதானேன்னு," என்றார்.

அடுத்த குளிருக்கு ஒரு பெட்டியை ஹாரிஸின் பூவுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். அந்தக் கோடை முழுக்க வெறும் பருப்பைத்தான் கடைந்து போட்டேன். ஏன் என்று ஒரு நாளும் வீட்டுக்காரர் கேட்கவில்லை.