ஒளுத் தண்ணீரும் தொங்கட்டான் பூவும்

1995 ஏப்ரல் விடுமுறை முடிந்து பண்டாரவளையிலிருந்து கல்முனைக்குடிக்குத் திரும்பியபோது என் மடியில் ஒரு பால்மாத் தகரப் பேணி இருந்தது. அதற்குள் ஒரு சாண் உயரச் செடி. புத்தகங்களில் அதன் பெயர் பியூசியா. என் உம்மா வீட்டில் அது தொங்கட்டான் பூ. மேலே சிவப்பு இதழ்கள் விரிய, கீழே ஊதாப் பாவாடை தொங்க, அதற்குள்ளிருந்து நூல் நூலாகக் கேசரங்கள் இறங்கும். காதில் ஆடும் தொங்கட்டானைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது. அம்பாறைக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பேணி மண்ணை விரலால் கிளறிப் பார்த்த இளம் சிப்பாய், தன் ஊரிலும் இந்தப் பூ உண்டு என்று சிங்களத்தில் சொல்லி, கலைந்த மண்ணைத் தானே அழுத்திக் கொடுத்தான்.

நான் கல்முனைக்கு ஆசிரியனாக வந்து அங்கேயே திருமணம் செய்தவன். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேறுவான். எங்கள் மலைநாட்டு வீட்டிலோ மருமகள்தான் வந்து சேர்வாள். இந்த மாற்றம் உம்மாவுக்குச் செரிக்கவில்லை. "மகனக் கடலுக்குக் குடுத்திட்டேன்" என்று அயலாரிடம் சொல்வார். கல்யாணத்துக்கு வந்து போனவர் அதன்பின் கல்முனைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பேணியைத் தரும்போது சொன்னார்:

"அந்த உப்புக் காத்துல இது நிக்காது மகன். பூத்தா சொல்லியனுப்பு, வாரேன்."

அன்றிரவு சாப்பாட்டில் இதை அப்படியே சொன்னேன். மாமி, அதாவது என் மனைவியின் தாயார், சோற்றகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பூத்தாத்தான் வருவாவாமா? அப்ப பூக்க வெச்சுத்தான் காட்டணும்."

மறுநாள் காலையில் செடி பேணியிலிருந்து ஒரு மண்சட்டிக்கு மாறியது. உம்மா பையில் கட்டித் தந்த கறுப்பு மண்ணையே மாமி நிரப்பினார். வைக்கும் இடத்தையும் அவரே தெரிவு செய்தார். கிணற்றடியில், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்க நாங்கள் குந்தும் கல்லின் பக்கத்தில். அந்த வீட்டில் ஒளுத் தண்ணீர் வீணாக ஓடக் கூடாது. அதுவரை வாழையின் அடிக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது சட்டிக்கு வந்தது. மாமா, மாமி, மனைவி, அவள் தங்கை, நான் என்று ஐந்து பேர், ஐந்து வேளை. அதற்குமேல் தங்கைக்கு ஒளுவில் ஒரு சந்தேகக் குணம். முழங்கையை ஒருமுறை கழுவினால் போதாது.

மே மாதம் கச்சான் வீசத் தொடங்கியது. வயல்வெளியைத் தாண்டி மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் அலம்பிப் போட்ட சாரன் கொடியிலேயே மொறமொறப்பாகிவிடும். செடியின் இலைகள் தலை குனிந்தன. மாமி ஒரு வாளி கூடுதலாக ஊற்றினார். இலைகள் இன்னும் குனிந்தன. இன்னொரு வாளி. "தண்ணிக்குத் தவிக்குது பாவம்" என்று தங்கை போகும்போதும் வரும்போதும் ஊற்றினாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்முனைக்குடி முற்றம் முழுவதும் கடல்மணல். எவ்வளவு ஊற்றினாலும் ஊற்றியவர் திரும்புமுன் மண் குடித்துவிடும். தண்ணீர் கூடிச் சாகும் செடியை அந்த வளவில் யாரும் கண்டதில்லை. சட்டியில் இருந்ததோ நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் மலைமண். நானும் ஜூன் நடுப்பகுதிவரை காற்றைத்தான் சந்தேகித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சட்டியைச் சரித்துப் பார்த்தேன். குளத்துச் சேறு போல் மணம். வேர்கள் கறுத்து, விரலால் இழுத்ததும் தோல் கழன்று வந்தது. உச்சியில் மட்டும் ஒரு கொப்பு பச்சையாக இருந்தது.

மாமியின் வீட்டில் குடியிருக்கும் மருமகன் மாமியிடம் நேராகச் சொல்லக்கூடிய செய்தி அல்ல இது. மனைவியிடம் சொன்னேன். அவள், மாமி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றே சொல்லிவிட்டாள்.

"உம்மா, செடி தாகத்தில சாகல்ல. நாம எல்லாரும் சேந்து தண்ணியில தாட்டுப் போட்டிருக்கம்."

"என்னகா கதைக்கிறாய்? ஒளுத் தண்ணியால ஒரு மரம் பட்டதெண்டு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

"அழுகின வேரக் கண்ணால பாருங்களன்."

மாமி வந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். கறுத்த வேரைத் திரும்பச் சட்டியில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப ஒங்கட உம்மா இனி வரமாட்டாவா மருமகன்?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் செடி உண்மையில் என் பொறுப்பாயிற்று. பச்சைக் கொப்பை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டினேன். அடி இலைகளைக் கிள்ளினேன். வேர் விட, நீர் தங்காத மண் வேண்டும் என்று வாசித்திருந்தேன். அதைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. முற்றத்து மணலை அள்ளி, கிணற்றின் நல்ல தண்ணீரில் உப்புப் போகப் பலமுறை அலசி, அதில் கொப்பை நட்டு, மேலே ஒரு ஜாம் போத்தலைக் கவிழ்த்தேன். இந்த இடத்தில் மாமியின் குரல் மீண்டும் உயர்ந்தது.

"பாத்தீங்களா? மலையில இருந்து கொண்டு வந்த மண்தான் சாகடிச்சது. நம்மட மண்தான் காப்பாத்தப் போகுது."

காப்பாற்றியது. ஜூலை முடிவில் போத்தலுக்குள் புதுத் துளிர் தெரிந்தது. மணலையும் மலைமண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து, அடியில் ஓட்டுத் துண்டுகள் போட்டு, பழைய சட்டியிலேயே வைத்தேன். சட்டி கிணற்றடியை விட்டுக் கொய்யா மர நிழலுக்குப் போனது. கச்சானை மறைக்க மேற்குப் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர், அதுவும் என் கையால்தான் என்று மாமியே சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தை மீற அவருடைய கைதான் அதிகம் துடித்தது. தம்ளரோடு கொய்யாவடிக்குப் போய், விரலை மண்ணில் குத்திப் பார்த்துவிட்டு, தம்ளரோடு திரும்பி வருவார். ஒளுத் தண்ணீர் பழையபடி வாழைக்குப் போனது.

மாரி மழை வந்தது. மழை விட்டதும் வாடைக் காற்று. 1996 ஜனவரியில், நோன்புக்குச் சில நாட்கள் இருக்கையில், ஒரு மொட்டுத் திறந்தது. மலைநாட்டுப் பூவில் பாதி அளவு. சிவப்பு, ரோசா நிறமாக வெளிறியிருந்தது. ஆனால் தொங்கட்டான்தான், மறுக்க இடமில்லை. கடைத்தெருவுக்குப் போய் பண்டாரவளைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பொய் சொல்லாத மகன்."

"வந்து பாருங்க உம்மா."

"நோன்பு வருது. பெருநாளைக்குப் பாப்பம்."

பூ அதுவரை காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்குள் உதிர்ந்தது. அதை மாமி ஒரு பீரிசுத் தட்டில் தண்ணீர் விட்டுப் போட்டு வைத்திருந்து, முற்றாகப் பழுப்பான பிறகே வீசினார்.

உம்மா பெருநாளுக்கு முதல் நாள் வந்தார். பஸ்ஸில் வந்த களைப்புக்குத் தேநீர் கொடுத்த கையோடு மாமி கொய்யாவடிக்குக் கூட்டிப் போனார்.

"பூ உழுந்திட்டு மதினி. நீங்க பிந்திட்டீங்க."

உம்மா குனிந்து இலைகளை விலக்கினார். பூ இருந்த காம்பில் சிறு நாவற்பழம் போல் கறுப்பாக ஒரு கனி தொங்கியது. நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. மாமிக்கு நோன்பு என்பதால் உம்மா பறிக்கவில்லை. பயணிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதால் தேநீர் குடித்தவர்தான், ஆனாலும் மாமிக்காகக் காத்திருந்தார். மாலை நோன்பு திறந்தபின் கனியைக் கொண்டுவந்து கத்தியால் இரண்டாக வெட்டினார்.

"ஐயோ, நஞ்சாக்கும்!"

"எங்க ஊருப் புள்ளைகள் இதத் தின்னுதான் வளந்திச்சு. ஒங்க மருமகனும்தான்."

மாமி பிஸ்மி சொல்லித் தன் பாதியை வாயில் போட்டார். நன்றாக மென்றார்.

"இனிப்புமில்ல, புளிப்புமில்ல. இதுக்குத்தானா இவ்வளவு பாடு?"

"எங்க பக்கம்னா இனிக்கும். இது ஒங்க மண்ணுல உப்பேறிப் போச்சு."

"உப்பில்லாத சோத்த ஆரு திம்பாங்க மதினி?"

உம்மா சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வருடக் கச்சானைச் செடி தாண்டவில்லை. இம்முறை வேரில் பிழை இல்லை. காற்று மட்டும்தான். ஜூலையில் சட்டியைக் கவிழ்த்துவிட்டு உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ம்" என்றார். ஆகஸ்ட் விடுமுறையில் நான் பண்டாரவளைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, யாரும் அழைக்காமல் அவரே வந்து படலையைத் திறந்தார். மாமி கண்ணுக்கு மேல் கையை வைத்து, அவருடைய பைகளைப் பார்த்தார்.

"என்ன மதினி, கொப்பு ஒண்டும் கொண்டு வரல்லையா?"

"அது இங்க நிக்காது" என்றார் உம்மா, செருப்பைக் கழற்றியபடி. "நான் நிக்கிறேன், ஒரு கெழமைக்கு. ஒளு எடுக்கணும், வாளி எங்க?"