இரட்டைப் பனையில் ஒன்று

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மணல் நிலம் உண்டு. யுத்தகாலத்தில் வீடு கட்டியபோது, அங்கே மேட்டில் நின்ற இரண்டு பனைகளையும் உத்திரத்துக்காக வெட்ட அனுமதி கேட்டுத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன்.

"கரையில மீன்பிடிக்கிறவங்ககிட்ட விசாரிக்கணும். உத்தரவு வார வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி" என்றார் குமாஸ்தா.

நான் பொறுக்கவில்லை. ஒரு மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு, நண்பர் சூசையின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்விட்டேன்.

திரும்பும்போது கடலும் வானமும் ஒரே வெண்மூட்டமாகிவிட்டன. தூக்கத்துக்குள் மிதப்பதுபோல் சுகமாக இருந்தது. தூரத்தில் ஒற்றைப் பனை ஒன்று தரையே இல்லாமல் நின்றது.

சூசை பதறி எழுந்தார். "இது எந்தக் கரைவே? நம்ம கரைன்னா ரெட்டைப் பனைல்லா தெரியணும்! ரெண்டையும் நேரா பிடிச்சு வந்தாத்தான் பாறைக்குத் தப்ப முடியும்."

"நம்ம கரைதான். ஒண்ணை நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றேன்.

அவர் பாயை இறக்கி நங்கூரம் போட்டார். மிக அருகில், பாறைமேல் தண்ணீர் சலசலத்தது. மூட்டம் கலைந்து எங்கள் கரை மாதா கோயில் கோபுரம் தெரிந்த பிறகுதான் நங்கூரத்தைத் தூக்கினார்.

மறுநாளே மனுவைத் திரும்பப் பெற்றேன். வெட்டிய இடத்தில் உயரமாகக் கம்பம் நட்டு, சுண்ணாம்பு அடித்து வருகிறேன். இப்போதெல்லாம் உத்தரவு கைக்கு வராமல் அரிவாளைத் தொடுவதில்லை. முருங்கைக் கிளையை ஒடிப்பதானாலும் முதலில் கரைக்குப் போய்க் கேட்கிறேன். சூசை சிரிக்கிறார், சிரிக்கட்டும்.