வழவழப்பான சில்லு

வீட்டிலுள்ள பழைய பானையோடுகளைக் கொண்டுவரும்படி ஆய்வாளர்கள் ஊராரிடம் கேட்டிருந்தார்கள். பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் அவற்றைக் கழுவியபோது எழும்பிய ஈரமண் வாசம், சுனாமி அள்ளிப்போன சாய்ந்தமருதுக் கடற்கரை மேட்டுக்கு என்னை இழுத்துப்போனது.

அங்கே சின்ன வயதில், பின்னேரத்து அஸர் பாங்கு வரைக்கும் நானும் மச்சி முறையான ரிஹானாவும் மண்ணில் கட்டம் கீறிச் சில்லுக்கோடு விளையாடுவோம். மேட்டில் கிடந்த, கீறல் எழுத்துள்ள ஓடொன்றை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்தபோது, நான் என் பாதியை எழுத்தும் அழிந்துபோகச் சீமெந்துப் படியில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினேன், அவள் சோம்பலில் அப்படியே விட்டாள், எப்போதும் நான்தான் வென்றேன்.

இன்று அவளுடைய பாதி கண்ணாடிப் பெட்டிக்குள், அவள் பெயரோடு. எனக்கு வயிறெரிந்தது.

"எழுத்து பாதியில நிக்குதாம். உன்ட சில்லு கிடக்கா மச்சி?" என்றாள் ரிஹானா.

"அது கடலோட போயிட்டு" என்றேன், கைப்பைக்குள் அந்த வழவழப்பை விரலால் தடவியபடி.