ஐந்து இடதுகால் செருப்புகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய கான்ஸ்டபிள் எதிர்வீட்டுக்காரரைத்தான் விசாரித்தார். அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் என் பையனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. போலீஸ் என்றால் நான் பயப்படக் காரணம் உண்டு. ஒன்பது வயதில் ஐந்து திருட்டுகள் செய்தவள் நான்.

அப்போது ஆம்பூருக்குப் பக்கத்தில், தோல் மண்டிகள் இருந்த தெருவில் எங்கள் வீடு. தெருக்கோடியில் ஒரு போலீஸ் அவுட்போஸ்ட் வைத்தார்கள். ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு குற்றப் பதிவேடு, கான்ஸ்டபிளாக என் தாய்மாமா. மதியச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில். சாப்பிட்டதும் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து ரயில்வே கேட் வரை ஒரு சுற்று. அன்றைக்கு என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மாமா வந்தபின் தெருவில் திருட்டே நடக்கவில்லை. முன்பு நடந்ததாகவும் யாருக்கும் நினைவில்லை. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். நான் ஜன்னலடியில் நின்றிருந்தேன்.

"இன்னாய்யா, ஒண்ணுமே இல்ல?"

"நான் இருக்கறதால ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல சார்."

"திருட்டே இல்லாத எடத்துக்குப் போலீஸ் இன்னாத்துக்கு? அடுத்த மாசமும் இப்படியே இருந்தா மூடிட்டு உன்ன ஜவ்வாது மலைக்கு அனுப்பிடறேன்."

மலையில் சைக்கிள் ஏறாது என்று அம்மா சொன்னாள்.

மறுநாளிலிருந்து மாமா வீடு வீடாகப் போய்த் திருட்டு கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. மண்டிக்காரச் சாயபு காதைப் பொத்திக்கொண்டார். "நம்ம மண்டில திருட்டா? வெளிய தெரிஞ்சா எவன் தம்பி எனக்குத் தோல் அனுப்புவான்? பேஜார் பண்ணாத."

கடைசியில் மாமா அம்மாவிடம் வந்து நின்றார். "ஒரு சொம்பாவது காணோம்னு சொல்லேன்க்கா."

"தம்பி போலீஸு, அக்கா வீட்ல சொம்பு போச்சுன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? போடா."

ஆகவே நானே இறங்க வேண்டியதாயிற்று. ஜோடியாக எடுத்தால் அது நிஜத் திருட்டாகிவிடும் என்று மனசாட்சி உறுத்தியது. வாசல்களில் கிடந்த செருப்புகளில் இடதுகாலை மட்டும் எடுத்தேன். ஒரே மத்தியானத்தில் ஐந்து வீடுகள், எங்கள் வீடும் சேர்த்து. எல்லாவற்றையும் எங்கள் கொல்லையில் விறகுக்குப் பின்னால் கிடந்த ஓட்டை அண்டாவில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் தெருவே அவுட்போஸ்ட்டுக்கு ஒற்றைச் செருப்போடு போயிற்று. ஊருக்கெல்லாம் தோல் அனுப்புகிற தெருவில் செருப்பு போவது மானப் பிரச்சினை. சாயபுவும் வந்திருந்தார். "ஒத்தக்கால் ஆளா பாத்துத் தேடு தம்பி. ஜாஸ்தி தூரம் ஓடியிருக்க மாட்டான்." மாமா முகமெல்லாம் சிரிப்பாக ஐந்து புகார்களையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைப் பார்த்தார். "போலீஸ் கண்ணெதிர்லயே ஒரே நாள்ல அஞ்சு திருட்டு. அப்புறம் நீ இங்க இருந்து இன்னா பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள திருடனப் புடி. புடிச்சா அவுட்போஸ்ட் இருக்கும். இல்லன்னா மலைதான்."

திருட்டு இல்லாவிட்டாலும் மூடுவார்கள், இருந்தாலும் மூடுவார்கள் என்றால் எத்தனை திருட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மாமா சாப்பிட வந்தார். கை கழுவக் கொல்லைக்குப் போனவர் வர வெகு நேரமாயிற்று. வந்து உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் ரசம் கேட்டார். அன்று சைக்கிள் ரயில்வே கேட்டில் திரும்பவில்லை. பாலாறு வரைக்கும் போனோம்.

ஞாயிறன்று பதிவேட்டில் 'துப்புக் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா அழுதாள், நானும் அழுதேன். ஆனால் போலீஸ் மாமாவாலேயே கண்டுபிடிக்க முடியாத திருடி நான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திங்கட்கிழமை மாமா ரயிலேறினார். வழியனுப்பிவிட்டு வந்தால், ஐந்து வீட்டு வாசலிலும் இடதுகால் செருப்பு பழையபடி வலதுகால் செருப்பின் பக்கத்தில் இருந்தது. கொல்லைக்கு ஓடினேன். அண்டா காலி. நான் பாடுபட்டுச் சேர்த்ததை எவனோ அடித்துக்கொண்டு போயிருந்தான். புகார் கொடுக்க அவுட்போஸ்ட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது.

மாமா ஊரைவிட்டுப் போன அன்றைக்கே நம் தெருவில் திருட்டு ஆரம்பித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.