கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்

விழுப்புரத்தில் என் வாடகை அறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பஸ் கண்டக்டர் தனியாக இருந்தார். மனைவி தவறிவிட்டார். லீவு நாளில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன் உட்காருவார். எப்போதும் ஒரே படம்தான்.

ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். படத்திலிருந்து நீக்கிய ஒரு காட்சியை யூட்யூபில் கண்டெடுத்து, அதற்குரிய இடத்தில் அவரே சேர்த்திருந்தார்.

“திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எடுத்தது தம்பி. கேமராவப் பாக்காதீங்கன்னு மைக்ல கத்திக்கினே இருக்கானுங்க. எங்க வூட்டம்மா கூட்டத்துல நின்னுக்கினு அதையே பாத்துச் சிரிக்கிறா. சீனையே தூக்கிட்டானுங்க!”

“அந்த சீனை மட்டும் போடுங்களேன் சார்.”

“தனியாப் போட்டா அது வெறும் வீடியோ. படத்தோட பாத்தாதான் அவ வர்றாப்பல இருக்கு.”

படம் நீண்டுகொண்டே போனது. அறைக்குப் போக எழுந்தேன்.

“உக்காருப்பா, இப்ப வந்துடுவா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குமேல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.