ரெண்டு பட்டைய எடுங்க

எங்கள் தோட்டத்துப் பாதையை யாராவது அழகானது என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இறம்பொடை அருவியைப் பார்க்க வருகிறவர்கள் மெயின் ரோட்டில் வாகனத்தை நிறுத்திவிட்டு, மேலே எங்கள் லயங்கள், தொழிலாளர் வரிசை வீடுகள், இருக்கும் பக்கத்தைப் படம் எடுப்பார்கள். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் கோடு ஒன்று அந்தப் படத்தில் விழும். அதுதான் பாதை. அதில் ஒருமுறை படுத்தபடி இறங்கி வந்தவர்களுக்குப் படம் எடுக்கக் கை வராது.

என் மனைவி அதில் படுத்தபடி போனவள். மழை நாளொன்றில் கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு நிறுக்கப் போகிறபோது கல் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. அந்த நேரத்தில் கிடைத்தது கொழுந்து லொறி மட்டும்தான். நுவரெலியா போய்ச் சேரும்வரை ஒவ்வொரு குழிக்கும் அவள் போட்ட சத்தத்தை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஆஸ்பத்திரியில் சில காலம் வைத்திருந்துவிட்டு, வீட்டில் அசையாமல் படுத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அதே பாதையில்தான். கட்டிலில் கிடத்தியதும் அவள் சொன்னாள்: "இனிமே என்னைய இந்த ரோட்டுல கொண்டு போகாதீங்க. செத்த பொறகு கொண்டு போங்க. அப்ப நோவாது."

கொஞ்ச காலத்தில் இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது. கிளினிக்கில் நான் தனியாகப் போய்ச் சொன்னேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆளைக் கொண்டுவந்தால் கண்டிக்கு அனுப்பி ஒப்பரேஷன் செய்யலாம், இப்படியே விட்டால் இரண்டு காலும் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குச் சாவைப் பற்றிய பயம் இல்லை, மதகைப் பற்றிய பயம். லயத்துக்குக் கீழே முதல் வளைவில் ஒரு மதகு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் மண் அரித்துப்போய், கொங்கிரீட் மட்டும் திண்டு மாதிரி நிற்கும். லொறி அதில் ஏறி விழுந்தபோதுதான் அவள் முதன்முதலாக மயங்கினாள்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய டீஎக்ஸ் வேகன். எங்கள் கலியாணத்தைவிட வயதான ஜப்பான் கார். அதில்தான் மரக்கறி ஏற்றி ஹயர் ஓடினேன். பெட்ரோல் என்ஜின் களைத்துப் போயிருந்தது. தோட்டத்து ஏற்றத்தில் அதற்கு மூச்சு வராது. கீழேயே வேகம் எடுத்து, குழி குண்டு பார்க்காமல் ஒரே பாய்ச்சலில் ஏறினால்தான் உண்டு. நடுவில் நின்றால் பின்னுக்கு உருளும். வாகனம் மெல்லப் போவதற்குத்தான் பலம் அதிகம் வேண்டும் என்பது இந்த மலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

என் மனைவியின் தம்பி நானுஓயாவில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். மோதி நசுங்கிய வேன் ஒன்றின் டீசல் என்ஜின் அங்கே கிடந்தது. முன்பக்கம்தான் போயிருந்தது, என்ஜினுக்கு ஒன்றும் இல்லை. அதைக் காரில் இறக்கலாமா என்று கேட்டேன்.

"இறக்கலாம் மாமா. ஆனா டீசல் நடுங்கும். அக்காவுக்கு அந்த நடுக்கமும் ஆகாது" என்றான்.

அந்த நடுக்கத்தோடு மல்லுக்கட்டியே எங்கள் நாட்கள் போயின. என்ஜினைத் தாங்கும் இரும்பை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினோம். ரப்பர் மவுண்டிங்கை மூன்று வாகனங்களிலிருந்து கழற்றிப் போட்டுப் பார்த்தோம். புது என்ஜின் கனம் என்பதால் கார் மூக்கைக் கீழே குத்தியது. முன்னுக்கு வேறு சுருள் ஸ்ப்ரிங்கும் ஷொக் அப்சோர்பரும் போட்டோம். நான் முன் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, முதுகால் மட்டும் கவனிப்பேன். நடுக்கம் தெரிந்தால் "இன்னும் இருக்கு" என்பேன். அவன் ஸ்பேனரைக் கீழே எறிந்துவிட்டு மறுபடி எடுப்பான். கராஜுக்கு வருகிறவர்கள், பந்தயத்துக்கா தயார் பண்ணுறீங்க என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆமாம் என்றேன்.

மிச்சம் இருந்தது பின்பக்க ஸ்ப்ரிங். இந்தக் காருக்குப் பின்னால் சுருள் இல்லை, லொறிக்கு இருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். பட்டை கூடினால் பாரம் தாங்கும், ஆனால் கல்லாகிவிடும். பட்டை குறைந்தால் பஞ்சு. ஆகவே ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டையைக் கழற்றிவிட முடிவு செய்தோம். நுவரெலியாவில் ஸ்ப்ரிங் வேலை செய்யும் பாஸ், அதாவது மேஸ்திரி, ஒருவர் இருக்கிறார். சிங்களவர், வயதானவர், கோபமே வராத மனிதர். மச்சினனுக்குக் கராஜில் வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன்.

தமிழில் என்றால் "ரெண்டு பட்டைய எடுங்க" என்று சொல்லியிருப்பேன். அதையே அப்படியே சிங்களத்தில் சொன்னேன். பட்டைக்கு அவர்கள் இலை என்பார்கள், கொள. எடுங்கள் என்பதற்கு கன்ன. "பாஸ், பெத்தட்ட கொள தெகக் கன்ன." பக்கத்துக்கு இரண்டு பட்டை எடுங்கள். எனக்கு என் சிங்களத்தில் ஒரு பெருமையும் உண்டு. கச்சேரிக்கு, அரசாங்கக் காரியாலயத்துக்கு, போனால் லயத்தில் இருப்பவர்கள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

பாஸ் தலையாட்டினார். "எளவளுத?" என்று கேட்டார். மரக்கறி ஏற்றுகிற வாகனமா என்று. ஆமாம் என்றேன். அது உண்மைதானே. "ஹரி, ஹரி" என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்திருந்தது. கராஜில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பழைய பெட்ரோல் என்ஜினையும் கியர் பெட்டியையும் நானுஓயா போய்ப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மச்சினனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என்னவென்று சொல்வது, கார் மிதந்தது. வளைவுகளில் முக்காமல் முனகாமல் ஏறியது. மதகைத் தாண்டும்போது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். வாசலில் ஆட்களைக் கூப்பிட்டுப் பழைய என்ஜினையும் கியர் பெட்டியையும் இறக்கி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன்: "தொட்டில் மாதிரி இருக்கு புள்ள. சத்தியமா. மதகு வந்ததே தெரியல."

அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு தடவ வாறேன். ஒரே ஒரு தடவ. நொந்துச்சுன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுறணும். பொறகு இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

சரி என்றேன். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

காலையில் பனி மூட்டமாக இருந்தது. முன் இடது ஆசனத்தைக் கழற்றிப் பலகை போட்டு, மெத்தை விரித்து, அவளைப் போர்வையோடு தூக்கிக் கிடத்தினோம். காரின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் பட்டது. சரிவில் நிற்கிறது, அப்படித்தான் தெரியும் என்று நினைத்தேன். முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கினேன். முதல் குழியிலேயே கார் எகிறியது. நிறுத்துவதற்குள் மதகு வந்துவிட்டது. பின்சக்கரம் அந்தத் திண்டிலிருந்து விழுந்தபோது அவள் கத்திய கத்தலில், மேலே பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுக்க, போய்க்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள்.

"திருப்புங்க." முகமெல்லாம் வியர்வை. "சொன்னீங்கல்ல, தொட்டில்னு. திருப்புங்க வீட்டுக்கு."

நான் கீழே இறங்கி, சேற்றில் படுத்துப் பின்பக்கம் பார்த்தேன். பட்டைகள் குறையவில்லை. கூடியிருந்தன. பழைய பட்டைக்கூட்டத்துக்கு அடியில், கறுப்பு மை பூசிய இரண்டு பட்டைகள் புதிதாக, அழகாக, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. மறுபக்கமும் அப்படியே. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. தமிழில் எடுப்பது என்றால் கழற்றுவதும்தான். சிங்களத்தில் கன்ன என்றால் வாங்கிக்கொள்வது, சேர்த்துக்கொள்வது. கழற்றச் சொல்வதற்கு வேறு சொல் இருக்கிறது, கலவன்ன. அது எனக்குத் தெரியாததும் இல்லை. மரக்கறி ஏற்றுகிறவன் இரண்டு பட்டை கேட்கிறான் என்று அந்த நல்ல மனிதர் போட்டுத் தந்திருக்கிறார். நேற்று கார் மிதந்தது, பின்னால் பழைய என்ஜின் அமுக்கிக்கொண்டு இருந்ததால். சேற்றில் படுத்தபடியே என் தலையில் நான் அடித்துக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இரும்பைக் கழற்ற அங்கே சாமானும் இல்லை, நேரமும் இல்லை. இன்றைக்கு அவளை வீட்டுக்குள் விட்டால் பிறகு ஒருநாளும் வெளியே எடுக்க முடியாது. பாரம் வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

காரை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தேன். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் நிறுத்திவிட்டு மச்சினனிடம், "அந்த என்ஜினத் தூக்கு" என்றேன். அவன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தான். பட்டையைப் பற்றிச் சொன்னதும் கயிற்றைத் தேடப் போனான்.

கத்தல் கேட்டு ஓடிவந்திருந்தவர்கள் அவளோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள். அவர்கள்தான் கம்பில் கயிறு கட்டித் தோள் கொடுத்தார்கள். என்ஜினைக் காரின் பின்னால் சாக்கு விரித்து, சத்தம் வராமல் இறக்கினோம். பின்பக்கம் கொஞ்சம் தணிந்தது. போதவில்லை. நேற்று மச்சினனும் உட்கார்ந்திருந்தான், கியர் பெட்டியும் இருந்தது. கியர் பெட்டியையும் ஏற்றினோம்.

"இன்னும் பாரம் வேணுமா?" என்று அந்தப் பெண்களில் மூத்தவர் கேட்டார்.

"வேணும் அக்கா."

அவர் கொழுந்துக் கூடையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினார். இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். தூரத்தில் கங்காணி சத்தம் போட்டார், பேர் விழாது என்று. அன்றைய நாள் சம்பளம் போச்சு என்று அர்த்தம்.

"போனா போவுது, நீங்க போங்கய்யா" என்றார் மூத்தவர். பிறகு என் மனைவியின் தலையைத் தடவினார். "இந்தா, நாங்க நாலு பேரு பேரு விட்டுட்டு உக்காந்திருக்கோம். மாட்டேன்னு சொல்லிப் பாரு."

அவள் கண்ணைத் திறந்து, முதலில் அவர்களைப் பார்த்தாள், பிறகு என்ஜினை. "இதுக்கு எதுக்கு ரெண்டு என்ஜினு?" என்றாள். பிறகு என்னிடம்: "மதகுல நொந்துச்சுன்னா அப்படியே ஆத்துல தள்ளி விட்டுருங்க."

மதகு வந்தது. நொந்தது. போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, மூத்தவரின் கையில் நகம் பதியப் பிடித்தாள். ஆனால் திருப்பச் சொல்லவில்லை. மெயின் ரோட்டில் ஏறிய பிறகு அந்த டீசல் என்ஜின், உயிருள்ள ஐந்து பெண்களையும் செத்துப்போன ஒரு என்ஜினையும் என்னையும் இழுத்துக்கொண்டு, நுவரெலியா வரை ஒரு தடவைகூடத் திணறவில்லை. நான் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. பின்னால் வந்த பஸ்காரர்கள் என் பரம்பரையையே ஏசினார்கள்.

வார்டில் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து கண்டிக்கு அவர்களே அனுப்புவதாகச் சொன்னார்கள். பெண்கள் பஸ்ஸில் திரும்பினார்கள். நான் நேராக பாஸிடம் போனேன். ஏசுவதற்குத்தான் போனேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஏச மனம் வரவில்லை. வேறு வாகனங்களில் கழற்றிய பழைய பட்டைகளுக்கு மை பூசி, காசு வாங்காமல்தான் போட்டுத் தந்திருந்தார், பாவம், ஓட்டி உழைக்கிறவன் என்று. நேரே காரின் அடியில் போய்ப் படுத்தார். போட்டதைக் கழற்றினார், நான் கேட்ட இரண்டையும் கழற்றினார்.

ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. நடப்பாளா என்று கேட்டால் டாக்டர்கள் 'பார்ப்போம்' என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. நேற்று போனில் அவள், வருகிற கிழமை வீட்டுக்கு விடுவார்களாம் என்றாள். பட்டை விஷயம் முழுக்க அவளுக்குத் தெரியும். அடுத்த கேள்வி, "பட்டைய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"எந்த எடுத்தாச்சு?"

விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்று காலை மச்சினனை வரச் சொன்னேன். காரில் என்ஜின் இல்லை, ஆட்கள் இல்லை, ஒரு பாரமும் இல்லை. அவள் படுத்த பலகையில், அவள் தலை வைத்த பக்கமே தலை வைத்து நான் படுத்தேன். கீழே மெயின் ரோடு வரை ஓட்டு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மதகுக்காகக் காத்திருந்தேன். கார் ஆடியது, சாய்ந்தது, நிமிர்ந்தது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"மதகு எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"மதகா? அது எப்பவோ போயிருச்சு மாமா" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சொன்ன தொட்டில் இதுதான். அன்றைக்கு அவளுக்குக் கிடைக்காத தொட்டில். வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டு அழுதேன். மச்சினன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஓட்டிக்கொண்டே போனான்.